சீனம் படிக்கும் நம் பிள்ளைகள்

(கொழும்பில் தொழில் செய்யும் தோட்டத்து இளைஞர் யுவதிகளும், அவர்களைப் பார்க்க மலையகத்திலிருந்து வந்த பெற்றோரும் கூடிய ஞாயிறு ஒன்றுகூடலில், கொட்டாஞ்சேனையில், நமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. வர முடியாத குடும்பங்களுக்காக இங்கே தருகிறோம்.)



இரவோடு இரவாக பஸ் ஏறி வந்தவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். களைப்பு தெரிகிறது. நான் நீட்டி முழக்கப் போவதில்லை. ஆனால் இந்த விசயத்தை இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு உட்காரவும் முடியாது.

போன மாதம் மேல் கணக்கு லயத்தில் ஒரு அம்மா என்னை மறித்துக் கேட்டார். "சேர், என் மகள் வெள்ளவத்தையில புடவைக் கடையில நிக்கிறா. ராத்திரி கோல் எடுத்தா, சீனப் பாடம் படிக்கிறேன், பொறகு பேசுறேன்னு வைக்கிறா. சிங்களமே இன்னும் சரியா வரல்ல. சீனம் எதுக்கு? யாரும் புள்ளைய ஏமாத்துறாங்களா?" என்றார். நியாயமான கேள்வி. இன்றைக்கு நான் பேசப் போவது அந்தக் கேள்வியைப் பற்றித்தான். நான் சீனம் படித்தவன் இல்லை. படிக்கிற பிள்ளைகளோடு சில ஞாயிற்றுக் கிழமைகள் உட்கார்ந்து பார்த்தவன். அவர்கள் எனக்குச் சொல்லித் தந்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, சீன மொழி நமக்கு முழுக்க அந்நியம் என்று நினைக்க வேண்டாம். காலையில் எழுந்ததும் நாம் குடிக்கிற தேத்தண்ணியிலேயே சீனம் இருக்கிறது. தே என்பது சீனாவின் தெற்குக் கரையில், புஜியன் மாகாணத்தில் பேசுகிற ஹொக்கியன் மொழிச் சொல். அந்தக் கரையில் வியாபாரம் செய்த ஒல்லாந்தர் இந்தச் சொல்லைக் கப்பலில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். வடக்கே பீக்கிங் பக்கம் அதே பொருளுக்கு "ச்சா" என்கிறார்கள். கேரளத்துக்காரர் சாயா என்பது அந்த வழியில் வந்தது. செடியும் அங்கிருந்து வந்ததுதான். 1824ஆம் ஆண்டு சீனாவிலிருந்து ஒரு தேயிலைச் செடியை வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து பேராதனைப் பூங்காவில் வைத்தார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட கதை உங்களுக்குத் தெரியும். நம் பாட்டன் பூட்டன்மார் எதற்காகக் கடல் தாண்டி வந்தார்களோ, அந்தக் கொழுந்தின் பேரே சீனப் பேர்.

இரண்டாவது, கொழும்பு தேசிய நூதனசாலையில் ஒரு கல் இருக்கிறது. வெள்ளவத்தையில் இருக்கிற பிள்ளைகள் ஒரு லீவு நாளில் போய்ப் பார்க்கலாம், பக்கம்தான். செங் ஹோ என்ற சீனக் கடற்படைத் தலைவர் கொண்டுவந்த கல் அது. 1409ஆம் ஆண்டு என்று அதில் வெட்டியிருக்கிறது. 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். அந்த ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை. பாரசீகத்தில் இஸ்லாத்துக்கு. தமிழில் தெவிநுவரக் கோயிலில் இருந்த தென்னாவர நாயனாருக்கு. அறுநூறு வருசத்துக்கு முன்னால் சீனாவிலிருந்து இங்கே வந்தவர்கள், இந்த நாட்டில் ஒரு விசயம் சொல்வதென்றால் தமிழிலும் சொல்ல வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். 2021இல் இதே கொழும்பில், ஒரு அரசாங்கத் திணைக்களத்தின் நூலகத்துக்கு வைத்த பலகையில் சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சீனம் இருந்தது, தமிழ் இல்லை. ஆட்கள் கேள்வி கேட்ட பிறகு அதைக் கழற்றினார்கள். கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அந்தக் கோபத்தைச் சீன மொழி மேல் காட்ட வேண்டியதில்லை. பலகை வைத்தவர்கள் செய்த பிழைக்கு மொழி என்ன செய்யும்?

கேகாலை, களுத்துறை பக்கம் றப்பர் தோட்டத்தில் சொந்தக்காரர் உள்ளவர்களுக்கு இன்னொன்று. 1952ஆம் ஆண்டு டிசம்பரில் இலங்கையும் சீனாவும் ஒரு ஒப்பந்தம் போட்டன. வருசத்துக்கு 50,000 தொன் றப்பர் நாம் கொடுப்பது, 270,000 தொன் அரிசி அவர்கள் தருவது. உலகத்தில் அரிசி தட்டுப்பாடாக இருந்த நேரம் அது. அந்தக் காலத்தில் இந்த நாட்டு மக்கள் தின்ற சோற்றில் நம்மவர்கள் விடியற்காலையில் வெட்டிய றப்பர் பாலுக்கும் பங்கு உண்டு.

சரி, பழைய கதை போதும். இன்றைக்கு என்ன?

காலிமுகத் திடலில் நின்று பார்த்தால் தெரிகிறது. 2014இல் வேலை தொடங்கி, கடலை நிரப்பி 269 ஹெக்டயர் நிலம் எடுத்திருக்கிறார்கள். துறைமுக நகரம். செய்தது சீனக் கம்பனி. துறைமுகத்துக்குள்ளே தெற்குப் பக்கத்துப் பெரிய கொள்கலன் முனையத்தை நடத்துவதிலும் சீனப் பங்கு இருக்கிறது. இவற்றைப் பற்றி நல்லது கெட்டது பேசுவது அரசியல்காரர் வேலை. கடன் யார் கட்டுவது, நிலம் யாருக்கு என்று கேட்கிற உரிமை உங்களுக்கும் உண்டு, கேளுங்கள். எனக்கு இங்கே தேவையான விசயம் சின்னது. காலி வீதிக் கடைகளுக்கும் செட்டியார் தெருவுக்கும் சீன வாடிக்கையாளர் வருகிறார்கள். சாப்பாட்டுக் கடைக்கு வருகிறார்கள். வந்தவரோடு போனை நீட்டி நீட்டிக் கணக்குப் பேசுகிற பிள்ளைக்கும், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுகிற பிள்ளைக்கும் கடைக்குள்ளே மதிப்பு வேறு. புடவையை மடித்து அடுக்குகிற இடத்திலிருந்து கவுண்டருக்குப் போகிற வழி சில நேரம் அந்த நாலு வார்த்தையில் இருக்கிறது.

அந்த அம்மா கேட்ட "சிங்களமே வரல்ல" என்ற கேள்விக்கு என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். சிங்களம் பேச வராத பிள்ளை முதலில் சிங்களம் படிக்கட்டும். பொலிசில், ஆஸ்பத்திரியில், பஸ்ஸில், தொழில் திணைக்களத்தில் அதுதான் உதவும். ஆங்கிலத்தில் ஒரு சின்ன அத்திவாரமும் வேண்டும், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கிற சீனப் பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் விளக்கம் சொல்கின்றன. இந்த இரண்டும் ஓரளவு கைக்கு வந்தவர்கள் சீனத்துக்கு வரலாம். அப்படி வந்த ஏழு பேரைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

இரண்டு தங்கச்சிமார் வெள்ளவத்தையில் புடவைக் கடையில். ஒரு தம்பி ஜம்பட்டா வீதியில் சாப்பாட்டுக் கடையில். ஒருவர் இரும்புக் கடையில் பில் போடுகிறார். மற்ற மூவரும் இங்கே கொட்டாஞ்சேனையில் ஒரே போர்டிங்கில் தங்கியிருக்கிற பிள்ளைகள். எல்லோரும் வெவ்வேறு தோட்டம். அதில் ஒரு தங்கச்சி உயர்தரம் வரை படித்தவர், ஆங்கிலம் வாசிப்பார். அவர்தான் நடுவில் இருந்து நடத்துகிறார். பேர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார்கள். சரி.

எல்லோரும் ஆரம்பித்தது தனித்தனியாக, போனில். டுவோலிங்கோ, ஹலோசைனீஸ் என்று செயலிகள் இருக்கின்றன. ஆரம்பப் பாடம் காசில்லாமல் படிக்கலாம். பிளெக்கோ என்று ஒரு அகராதி, அதைப் போனில் இறக்கி வைத்தால் டேட்டா இல்லாத நேரத்திலும் சொல் தேடலாம். பீக்கிங் பல்கலைக்கழகமே தொடக்கக்காரருக்கு இணையத்தில் பாடம் வைத்திருக்கிறது. யூடியூப்பில் கணக்கில்லாமல் கிடக்கிறது. பாடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் தனியாக ஆரம்பித்த ஏழு பேரில் ஐந்து பேர் இரண்டு மாதத்துக்குள் விட்டுவிட்டார்கள். பத்து மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்த பிள்ளை, போனில் ஒரு பச்சை ஆந்தை "இன்றைக்குப் பாடம் படிக்கவில்லையே" என்று சொன்னதற்காக எழும்பி உட்காருமா? உட்காராது.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சீனத்தில் ஒரே சத்தத்தை நாலு விதமாக இழுக்க வேண்டும், இழுப்பு மாறினால் அர்த்தமே மாறிவிடும். "மா" என்று ஒரு எழுத்தை எடுத்துக் கொள்ளுங்கள். டாக்டர் தொண்டையைப் பார்க்க "ஆ" சொல்லச் சொல்வாரே, அப்படி மேலே நிறுத்தி ஒரே மட்டமாகச் சொன்னால் அம்மா. காது கேட்காமல் "ஆ?" என்று திருப்பிக் கேட்கிற மாதிரி கீழிருந்து மேலே ஏற்றினால் சணல். விருப்பமில்லாமல் "ம்ம்ம்" என்று இழுப்போமே, அப்படித் தாழ்த்தினால் குதிரை. "டேய்!" என்று அதட்டுகிற மாதிரி மேலிருந்து கீழே வெட்டினால் திட்டுவது. கேள்வி கேட்பதற்கு வசனத்தின் கடைசியில் வருகிற மாவும் ஒன்று உண்டு, அதற்கு இழுப்பே கிடையாது. "அம்மா குதிரையைத் திட்டுகிறாரா?" என்று சீனத்தில் கேட்டால் நம் காதுக்கு மாமா மா மா மா என்றுதான் விழும். (அங்கே "மாமா" என்றால் அம்மா. நம்ம ஊர் மாமாமார் மன்னிக்க வேண்டும்.)

சிரிக்கிறீர்கள். கடையில் நிற்கிற பிள்ளைக்கு இது சிரிப்பு இல்லை. வாங்குவது "மாய்", விற்பதும் "மாய்". தாழ்த்தினால் வாங்குவது, வெட்டினால் விற்பது. வெள்ளவத்தைத் தங்கச்சி ஒரு சீனத் தம்பதியிடம் "என்ன வாங்கப் போறீங்க?" என்று கேட்பதாக நினைத்து "என்ன விற்கப் போறீங்க?" என்று கேட்டிருக்கிறார். அந்த மனுசி சிரித்து, கையைப் பிடித்து, சரியான இழுப்பைச் சொல்லிக் கொடுத்துவிட்டு இரண்டு சேலை வாங்கிப் போனாராம். ஜம்பட்டா வீதித் தம்பிக்கு "தாங்". மட்டமாகச் சொன்னால் சூப், ஏற்றிச் சொன்னால் சீனி. தேத்தண்ணிக்கு என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமல் முழித்ததாகச் சொன்னார்.

இதில்தான் போன் பாடம் முடங்குகிறது. செயலியும் பிள்ளை பேசுவதைக் கேட்கும், சரி பிழை சொல்லும். ஆனால் அது ரொம்பத் தாராளம். அரைகுறையாகச் சொன்னாலும் பச்சை வெளிச்சம் போட்டு அடுத்த பாடத்துக்கு அனுப்பிவிடுகிறது. பிழை என்று சொன்னாலும் எங்கே பிழை, நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தெரியாது. பாடம் இலவசமாகக் கிடைக்கும். கேட்டுத் திருத்துகிற காதுக்குத்தான் ஆள் வேண்டும்.

அதனால் இந்தப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்தார்கள். செய்வது மிகச் சாதாரணம். ஒரு வாட்ஸ்அப் குழு. ஒவ்வொருவரும் ஒரு நாளைக்கு ஒரு வசனம் தன் குரலில் பேசிப் போட வேண்டும். எழுத்தில் போட்டால் கணக்கில்லை. மற்றவர்கள் கேட்டு, பிழை இருந்தால் திருப்பிச் சரியாகப் பேசிப் போட வேண்டும். சிரிக்கிற படம் போடக் கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். அது எனக்குப் பிடித்த சட்டம். தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்பில் வாய் திறக்கப் பயப்படுவது பாடம் தெரியாமல் இல்லை, யாராவது சிரித்துவிடுவார்களோ என்றுதான். ஞாயிறு பின்னேரம் நேரில் கூடுகிறார்கள். மழை இல்லாவிட்டால் வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அப்பால், கடற்கரையில். அலைச் சத்தத்துக்கு மேலே கத்தினால்தான் இழுப்பு நன்றாக வருகிறதாம். பக்கத்தில் மீன் பிடிக்கிற ஐயாமாருக்கு இந்நேரம் பாதி சீனம் தெரிந்திருக்கும்.

எழுதுவதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆரம்பத்தில் எல்லோரும் சீனச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தார்கள், நான் இப்போது சொல்கிற மாதிரி. அது கொஞ்ச தூரம்தான் ஓடும். சாப்பிட்டு வயிறு நிறைந்தது என்பதற்கும் "பாவ்", ஓடு என்பதற்கும் "பாவ்". இரண்டுக்கும் இழுப்புக் கூட ஒன்றுதான். வித்தியாசம் என்னவென்றால் இரண்டாவதில் வாயிலிருந்து காற்று வெடித்து வர வேண்டும். உதட்டுக்கு முன்னால் ஒரு சின்னக் கடதாசித் துண்டைப் பிடித்தால், முதலாவதற்கு அது ஆடக் கூடாது, இரண்டாவதற்கு ஆட வேண்டும். தமிழ் எழுத்தில் இந்த வித்தியாசத்தைக் காட்ட வழியில்லை. சீனாக்காரர்களே 1958இல் ஆங்கில எழுத்தை வைத்து "பின்யின்" என்று ஒரு எழுத்துமுறை ஏற்படுத்தினார்கள். இழுப்புக்கு மேலே கோடு போடுவார்கள். ஆரம்பிக்கிற பிள்ளைகள் முதல் இரண்டு வாரத்தை அதற்குக் கொடுத்தால் போதும், பிறகு எந்தப் பாடத்தையும் வாசிக்கலாம்.

கஷ்டத்தை மட்டும் சொல்லிப் பயம் காட்டக் கூடாது. தமிழ்ப் பிள்ளைக்குச் சீனத்தில் சில இடங்கள் லேசு. நாக்கை மேலே மடித்துச் சொல்கிற சத்தங்களுக்கு வெள்ளைக்காரர் நாக்கு படாத பாடு படும். நமக்கு ட, ண, ழ எல்லாம் வீட்டுச் சொத்து. சீனத்தில் ஒரு ரகரம் கிட்டத்தட்ட நம் ழகரம் மாதிரி இருக்கிறது. பழத்தைப் பளம் என்று சொல்கிற நம்ம லயத்துப் பிள்ளைகள் சீனம் படித்தாவது ழகரத்தைச் சரியாகச் சொல்லட்டும்! உனக்கு அவர்கள் சொல்வது "நீ". மரியாதைக்கு நீங்கள் என்று சொல்ல "நீன்". தற்செயலாக அமைந்ததுதான், ஆனாலும் மறக்காது. பெரியவர்களிடம் "நீன்" போட வேண்டும் என்பதை நம் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பதினொன்று என்றால் பத்து-ஒன்று, இருபது என்றால் இரண்டு-பத்து, நம்ம கணக்குத்தான். நாம் "மூணு பேர்" என்கிறோமே, அந்தப் பேர் மாதிரி எதை எண்ணினாலும் நடுவில் ஒரு சொல் வைப்பார்கள். வினைச் சொல் ஆளுக்கும் காலத்துக்கும் மாறுவதே இல்லை. "வொ ஹ ச்சா" என்றால் நான் குடி தேத்தண்ணி, அவ்வளவுதான்.

உறவு முறையைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் அண்ணனும் பிரதர், தம்பியும் பிரதர். சீனத்தில் அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல், அக்காவுக்கு வேறு, தங்கச்சிக்கு வேறு. தாய்மாமனுக்குத் தனிச் சொல், அப்பாவின் அண்ணனுக்குத் தனி, தம்பிக்குத் தனி. பெரியப்பா சித்தப்பா என்று வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பாடம் ஒரு இரவில் வந்துவிட்டது. ஆளைக் கண்டதும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதும் அவர்களிடம் பழைய வழக்கம்.

அவர்களுடைய எழுத்து ஒவ்வொன்றும் ஒரு படம் மாதிரி. சீனாவில் சாதாரணமாகப் புழங்குகிற எழுத்து என்று 1988இல் போட்ட பட்டியலில் 3,500 இருக்கிறது. நம் பிள்ளைகள் அவ்வளவுக்குப் போகவில்லை, போகத் தேவையும் இல்லை, கடைப் பேச்சுக்குச் சில நூறு போதும். ஒரு எழுத்தை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன். தேயிலைக்கு எழுதுகிற எழுத்தில் மேலே புல், நடுவில் மனுசன், கீழே மரம். புல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் நிற்கிற ஆள். இது ஞாபகத்தில் வைப்பதற்காகச் சொல்கிற விளக்கம், எழுத்தின் பழைய வரலாறு வேறு என்று அந்தத் தங்கச்சி சொன்னார். இருக்கட்டும். அதை அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது பக்கத்தில் இருந்த அவருடைய தாயார், முப்பது வருசம் கொழுந்து பறித்தவர், "இது நாங்கதானே?" என்றார்.

இன்னொரு வழியையும் இந்தக் குழு தேடிக் கொண்டது. சீனாவில் தமிழ் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்களில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும், சிற்றலை வானொலியில் பீக்கிங்கிலிருந்து தமிழ் கேட்கும். 1963 ஆகஸ்ட் முதலாம் திகதி தொடங்கிய தமிழ் ஒலிபரப்பு அது. சீனாக்காரர்களே கலைமகள், கலையரசி என்று தமிழ்ப் பேர் வைத்துக் கொண்டு நம்மைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார்கள். கடிதம் எழுதினால் வாசிப்பார்கள். தமிழ்நாட்டில் ஊர் ஊராக நேயர் மன்றம் வைத்திருந்தார்கள். தமிழ் வழியாகச் சீனப் பாடமும் நடத்தினார்கள். 2018இல் பீக்கிங் அயல்மொழிப் பல்கலைக்கழகத்தில் தமிழைப் பட்டப்படிப்பாகவே தொடங்கிவிட்டார்கள். அப்படித் தமிழ் படிக்கிற பிள்ளைகளுக்கும் பேசிப் பழக ஆள் வேண்டும். மொழி மாற்றிக் கொள்கிற செயலி ஒன்றின் மூலம் நம் குழுவுக்கு ஒரு மாணவி கிடைத்தார். அரை மணி தமிழ், அரை மணி சீனம். யாருக்கும் யாரும் காசு கொடுப்பதில்லை. அவர் புத்தகத் தமிழில் "தாங்கள் உணவு அருந்தினீர்களா" என்று கேட்க, நம் பிள்ளைகள் "சாப்டீங்களான்னு கேளுங்க" என்று திருத்த, அங்கே அவருக்கு இவர்கள் ஆசிரியர். லயத்தில் பேசுகிற தமிழைக் கேட்டு யாரோ குறிப்பெடுக்கிறார் என்பதில் அந்தப் பிள்ளைகள் முகத்தில் வருகிற வெளிச்சத்தை நான் பார்த்தேன்.

இப்போது அந்த அம்மாவின் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஏமாற்று இருக்கிறதா? இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது.

படிப்பதில் ஏமாற்று, வேலையில் ஏமாற்று என்று இரண்டு வகை. ஒரு தம்பியிடம் மூன்று மாதத்தில் சீனம், நாலாம் மாதம் கம்பனி வேலை என்று சொல்லி, தங்கச்சங்கிலி அடகு வைத்த காசை வாங்கிக் கொண்டார்கள். ஆறு வகுப்பு நடந்தது, பிறகு போன் வேலை செய்யவில்லை. மூன்று மாதத்தில் வேலைக்குப் போகிற அளவு சீனம் யாருக்கும் வராது என்பதை இந்த ஏழு பேரிடம் கேட்டிருந்தால் அந்தக் காசு தப்பியிருக்கும். சீனத்துக்கு எச்.எஸ்.கே. என்று உலகம் முழுவதும் ஒரே பரீட்சை உண்டு. 2010இல் வந்த முறைப்படி ஆறு படி. முதல் படிக்கு 150 சொல், இரண்டாம் படிக்கு 300, மூன்றாம் படிக்கு 600. 2021இல் ஒன்பது நிலையாகப் புதிய தரம் அறிவித்தார்கள், அதில் முதல் நிலைக்கே 500 சொல் வேண்டும். படிகள் மாறி வருவதால், பதியும் முன் எந்த முறை நடக்கிறது என்று கேட்டுக் கொள்ள வேண்டும். களனிப் பல்கலைக்கழகத்தில் கன்பூசியஸ் நிறுவகம் இருக்கிறது, கொட்டாஞ்சேனையிலிருந்து தூரமில்லை. பரீட்சை பற்றியும் வகுப்பு பற்றியும் அங்கே நேரில் விசாரிக்கலாம். பாடசாலையில் இன்னும் படிக்கிற பிள்ளைகளுக்கு, உயர்தரத்தில் சீனமும் ஒரு பாடம். இதைப் பல தோட்டப் பாடசாலைகளில் யாரும் சொல்வதில்லை. எங்கள் குழுவில் இரண்டு பேர் இரண்டாம் படி பாஸ் செய்திருக்கிறார்கள். ஒன்றரை வருசம் எடுத்தது.

வேலை ஏமாற்று உயிரோடு விளையாடுவது. தாய்லாந்தில் கணினி வேலை, பெரிய சம்பளம், டிக்கெட் இலவசம் என்று சொல்லி, சுற்றுலா விசாவில் கூட்டிப் போய், எல்லை கடத்தி மியன்மாரில் மியாவாடிப் பக்கம் முகாம்களில் அடைத்தார்கள். இணையத்தில் ஆட்களை ஏமாற்றிக் காசு பறிக்கிற வேலையை அடித்துச் செய்ய வைத்தார்கள். இலங்கைப் பிள்ளைகள் பலர் அகப்பட்டார்கள். 2024இலும் 2025இலும் சிலரை மீட்டுக் கொண்டு வந்தார்கள். மொழி தெரியும், கணினி தெரியும் என்று முகநூலில் போட்டு வைக்கிற பிள்ளையை இவர்கள் தேடி வருவார்கள். தகப்பன்மாரே, வெளிநாட்டு வேலை என்று யார் வந்தாலும் பாஸ்போட்டைக் கையில் கொடுக்கும் முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 என்ற இலக்கத்தில் கோல் எடுங்கள். அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்த வேலை பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யலாம் என்று எவன் சொன்னாலும் அவன் பொய்க்காரன். எங்கள் அலுவலகத்துக்கு வந்தாலும் நாங்கள் கேட்டுச் சொல்வோம். வெட்கப்பட வேண்டாம்.

குழுவில் சேர்கிற தங்கச்சிமாருக்கும் ஒன்று. தெரியாத ஆளோடு மொழி பழகுவதென்றால் குழுவோடு சேர்ந்து பழகுங்கள். போர்டிங் விலாசம், அடையாள அட்டைப் படம், சம்பள விபரம் எதுவும் போகக் கூடாது. காசு கேட்டாலும், காசு தருகிறேன் என்றாலும் அன்றோடு நிறுத்திவிட வேண்டும். அந்த ஏழு பேரும் இதைக் கடைப்பிடிக்கிறார்கள், அதனால்தான் நான் துணிந்து இங்கே பேசுகிறேன்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கொழும்பில் ராத்திரி எட்டரைக்கு அறைக்கு வருகிறது. ஒன்பதரைக்குப் படுத்தால்தான் விடிய எழும்பலாம். இடையில் இருக்கிற அந்த ஒரு மணி நேரத்தில்தான் சமையல், உடுப்புக் கழுவுவது, வீட்டுக்குப் பேசுவது, பாடம் எல்லாம். நீங்கள் பின்னேரம் கொழுந்து நிறுத்து முடித்து வீட்டுக்கு வந்ததும் பிள்ளையோடு பேச ஆசையாக இருக்கும். பாடம் இல்லாத நாள் எது என்று கேட்டு வைத்துக் கொண்டு அன்றைக்குத் தாராளமாகப் பேசுங்கள். பாடம் இருக்கிற நாளில் ஒரு குறுஞ்செய்தி போதும். அனுப்புகிற காசில் இந்த மாதம் முந்நூறு ரூபாய் குறைந்தால், டேட்டாவுக்கு எடுத்திருக்கும் என்று விட்டுவிடுங்கள். ஊருக்கு வரும்போது, படித்ததை எங்களுக்கும் சொல்லிக் காட்டு என்று கேளுங்கள். அந்த வெள்ளவத்தைத் தங்கச்சியின் தாயார் இப்போது ஒன்றிலிருந்து பத்து வரை சீனத்தில் எண்ணுகிறார். கூடையை இறக்கும்போது எண்ணிப் பார்க்கிறாராம், கணக்கப்பிள்ளை முழிக்கிறாராம்.

குழுவில் சேர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் அந்த ஜன்னல் பக்கம் நிற்கிற பிள்ளைகளிடம் பேர் கொடுங்கள். கட்டணம் இல்லை. பின்யின் பாடம் அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு, இதே மண்டபத்தில். ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு வாருங்கள். கடதாசித் துண்டு அவர்களே தருவார்கள். தேத்தண்ணி வந்துவிட்டது, குடித்துவிட்டுப் போகலாம்.